வான் நியூமனும் நம் சந்திரசேகரும்

கணித மேதை என்றால் நம் பக்கத்தில் ஒரே பெயர்தான். கும்பகோணம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே ராமானுஜன் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நோட்டுப் புத்தகங்கள், நாமகிரித் தாயார், முப்பத்திரண்டு வயதில் வந்த மரணம், எல்லாம் நமக்கு மனப்பாடம். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் புதுவையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்தியவன் என்ற முறையில் இன்னொரு பெயரையும் சொல்ல ஆசைப்படுகிறேன். நீங்கள் இதைப் படிக்கும் கைபேசி, வானிலை அறிக்கை, கல்பாக்கத்து அணு உலை, நாகசாகியில் விழுந்த குண்டு, இத்தனையிலும் அந்த மனிதரின் கைரேகை இருக்கிறது. ஜான் வான் நியூமன்.

எங்கள் பாடத்திட்டத்தில் அவர் 'ஆட்டக் கோட்பாடு' என்ற அத்தியாயத்தில் வருவார். இரண்டு பேர் ஆடும் ஆட்டம், ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டம். நமக்கு வரக்கூடிய பெரிய நஷ்டத்தை எப்படிச் சிறிதாக்குவது என்பதுதான் கேள்வி. வகுப்பில் நான் சொல்லும் உதாரணம், வீட்டில் அண்ணன் தம்பி கேக் பங்கு போடுவது. ஒருவன் வெட்ட வேண்டும், மற்றவன் முதலில் எடுக்க வேண்டும். வெட்டுகிறவன் கையில் ஸ்கேல் இல்லாமலே மில்லிமீட்டர் சுத்தமாக வெட்டுவான். பிள்ளைகள் சிரிப்பார்கள், கணக்கைப் போடுவார்கள், பத்து மதிப்பெண் வாங்குவார்கள். தேற்றத்தை நிரூபித்தவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. 1928-இல் அதை நிரூபித்தபோது அவருக்கு வயது இருபத்து நாலு.

புடாபெஸ்ட் நகரில் 1903 டிசம்பரில், வசதியான யூத வங்கியாளர் வீட்டில் பிறந்தவர். இளம் வயதிலேயே ஜெர்மனிக்குப் போய், அப்போதுதான் பிறந்திருந்த குவாண்டம் இயற்பியலுக்கு ஒழுங்கான கணித அடித்தளம் போட்டுக் கொடுத்தார். அந்தப் புத்தகம் 1932-இல் வந்தது. இயற்பியல்காரர்கள் இன்றும் அதன் மேல்தான் நிற்கிறார்கள். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போனார். ஐன்ஸ்டைன் சேர்ந்த அதே உயர் ஆய்வு நிறுவனத்தில் 1933-இல் பேராசிரியர். ஐன்ஸ்டைன் கலைந்த தலையும் ஸ்வெட்டருமாக நடந்து போவார் என்றால், இவர் எப்போதும் கோட்டு சூட்டு. விருந்து வைப்பதில் பிரியர். காரை வேகமாக ஓட்டி எதிலாவது மோதுவதும் வழக்கம். நம் ஊர்க் கணித வாத்தியார்களின் இலக்கணத்துக்கு எந்த விதத்திலும் அடங்காத ஆள்.

அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. அதன் பெயர் சுப்ரமணியன் சந்திரசேகர். சர் சி.வி.ராமனின் அண்ணன் மகன். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1930-இல் கப்பலேறிப் போகும்போதே, நட்சத்திரம் செத்த பிறகு எவ்வளவு எடை வரை தாங்கும் என்று கணக்குப் போட்டவர். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குதான் எல்லை. அதைத் தாண்டினால் அது தன் எடையிலேயே நொறுங்கிப்போகும். 1935 ஜனவரியில் லண்டன் வானியல் சங்கத்தில் எடிங்டன் எழுந்து அந்தப் பையனைக் கேலி செய்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த 1935-இல் கேம்பிரிட்ஜுக்கு வந்திருந்த வான் நியூமனோடு சந்திரசேகருக்குப் பழக்கம் ஏற்பட்டது. பெரியவர்கள் பலர் எடிங்டனுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த காலம் அது. ஏழு வயது மூத்தவரான வான் நியூமன் அந்தக் கணக்கைப் பற்றி உட்கார்ந்து பேசத் தயாராக இருந்தார் என்பதே பெரிய விஷயம்.

பிறகு இருவரும் அமெரிக்காவில். சந்திரசேகர் யெர்க்ஸ் வானாய்வகத்தில், வான் நியூமன் பிரின்ஸ்டனில். 1942-லும் 1943-லும் இருவரும் சேர்ந்து இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். எண்ணற்ற நட்சத்திரங்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும் இடத்தில் ஒரு நட்சத்திரத்தின் மேல் விழும் ஈர்ப்பு விசை எப்படிக் கூடிக் குறையும் என்பது விஷயம். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் நின்றவர்களுக்கு இது எளிதில் புரியும். நாலா பக்கமும் கூட்டம் தள்ளுகிறது. யார் எப்போது எந்தப் பக்கம் இடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சராசரியாக எவ்வளவு பலமாக இடி விழும், ஒரு இடி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று கணக்குப் போடலாம். தற்செயலுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. 'தற்செயலைக் கணக்கிடுவது' என்ற இந்தப் பழக்கத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

அந்தக் கட்டுரைகள் வந்த காலம் உலகப்போர் உச்சத்தில் இருந்த காலம். மேரிலாந்து மாநிலத்தில் அபர்டீன் என்ற இடத்தில் அமெரிக்கத் தரைப்படைக்கு ஒரு சோதனைத் திடலும் குண்டுகளின் பாதையை ஆராயும் கூடமும் இருந்தன. வான் நியூமன் அங்கே ஆலோசகர். சந்திரசேகரும் அங்கே போகத் தொடங்கினார். சில வாரம் அபர்டீன், சில வாரம் யெர்க்ஸ் என்று மாறி மாறி ரயில் பயணம். நட்சத்திரத்தின் உள்ளே வாயு எப்படி அழுந்தும் என்று தெரிந்தவருக்கு, வெடித்த குண்டைச் சுற்றிக் காற்று எப்படி அழுந்தும் என்பது அந்நியமான கணக்கு இல்லை. அதிர்ச்சி அலைகள் எப்படித் தேய்ந்து போகும், மூன்று அலைகள் ஒன்று சேர்ந்து நிற்க முடியுமா, தரையில் மோதித் திரும்பும் வெடிப்பலை எப்படி இருக்கும் என்றெல்லாம் அறிக்கைகள் எழுதினார். அவற்றில் ஒன்றின் தலைப்பைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 105 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு எந்த உயரத்தில் வெடித்தால் அதிகப் பலன் என்பது அந்த அறிக்கை. 'பலன்' என்ற சொல்லுக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இதைச் சொல்வதால் சந்திரசேகர் மேல் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஹிட்லர் தோற்க வேண்டும் என்று நினைத்தவர்கள் நம் ஊரிலும் இருந்தார்கள். 1940-இல் பிரான்ஸ் சரணடைந்த சில மாதங்களிலேயே நம் கவர்னர் போன்வேன் துகோல் பக்கம் சேர்ந்தார். காந்தியும் காங்கிரசும் வேறு நிலை எடுத்தபோது, அரவிந்தர் வெளிப்படையாக நேச நாடுகளை ஆதரித்தார். என் தெருவிலேயே மூன்று சொல்தா வீடுகள் இருந்தன. அந்தத் தாத்தாக்கள் ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார்கள். யாருடைய சண்டைக்கு யார் போனது என்ற கேள்வியை அவர்களிடம் கேட்டால், 'பான்சியோன் வருது, சும்மா இரு' என்பதுதான் பதில். சந்திரசேகர் நிலைமை இன்னும் சிக்கல். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' என்று ஊரே எழுந்து நிற்கிறது. அவரோ பிரிட்டிஷ் இந்தியக் குடிமகன், அமெரிக்கப் படைக்குக் கணக்குப் போடுகிறார்.

அப்போது லாஸ் அலமாஸிலிருந்து அழைப்பு வந்தது. அணுகுண்டு செய்துகொண்டிருந்த இடம். வாயுக்களும் அதிர்ச்சி அலைகளும் தெரிந்த ஆட்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டார்கள். ஆனால் பாதுகாப்பு அனுமதி கிடைக்கத் தாமதமாயிற்று. கோப்பு நகரவில்லை. அவர் போகவில்லை. நம் அரசாங்க அலுவலகங்களில் கோப்பு நகராததை நானும் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இந்த ஒரு கோப்பு நகராமல் இருந்ததற்காக யாருக்கு நன்றி சொல்வது?

வான் நியூமன் போனார். 1943 இலையுதிர் காலம் தொடங்கி அடிக்கடி போய் வந்தார். அங்கே பெரிய சிக்கல் புளுட்டோனியம். யுரேனியத்தை இரண்டு துண்டாக வைத்துத் துப்பாக்கியில் சுடுவதுபோல் ஒன்றோடொன்று மோதவிட்டால் போதும். புளுட்டோனியத்துக்கு அந்த வழி உதவாது, துண்டுகள் முழுதாகச் சேருமுன்னே அது பிசுபிசுத்துவிடும். ஆகவே ஒரு உருண்டையைச் சுற்றி வெடிமருந்து வைத்து, எல்லாப் பக்கமும் ஒரே கணத்தில் உள்நோக்கி நசுக்க வேண்டும். ஈரமான களிமண் உருண்டையைக் கையால் பிசைந்து பாருங்கள், எங்காவது ஒரு விரலிடுக்கில் பிதுங்கும். பிதுங்கக் கூடாது என்பதுதான் கணக்கு. வேகமாக எரியும் மருந்தையும் மெதுவாக எரியும் மருந்தையும் கண்ணாடி வில்லை போல் அடுக்கி, அலையை வளைத்து உள்ளே குவிக்கும் ஏற்பாட்டை உருவாக்கியதில் வான் நியூமனுக்குப் பெரும் பங்கு. கால்பந்தின் தோல் துண்டுகளைப் போல 32 வில்லைகள். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் சோதனை, ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி.

உயரக் கணக்கும் அவருடையதுதான். வெடிப்பலை தரையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு சேர்ந்தால் இரட்டிப்பு வேகத்தோடு ஊரைத் துடைக்கும். அதற்குக் குண்டு தரையைத் தொடக் கூடாது, ஆகாயத்தில் வெடிக்க வேண்டும். ஹிரோஷிமாவில் சுமார் 600 மீட்டர், நாகசாகியில் சுமார் 500. அபர்டீனில் 105 மில்லிமீட்டர் குண்டுக்குப் போட்ட அதே மாதிரிக் கேள்வி, அளவுதான் வேறு. 1945 மே மாதம் எந்த ஊர்மேல் போடுவது என்று முடிவு செய்த குழுவிலும் அவர் இருந்தார். குழு முதலில் எழுதிக் கொடுத்த ஊர் கியோட்டோ. கோயில்களின் ஊர். போர் அமைச்சர் ஸ்டிம்சன் பிடிவாதமாக அதை அடித்தார். நம் காஞ்சிபுரத்தைப் பட்டியலில் முதலாவதாக எழுதி, பிறகு யாரோ ஒருவர் அடித்ததாக நினைத்துப் பாருங்கள்.

இனி கணினிக்கு வருகிறேன். இதுவும் அபர்டீனில்தான் தொடங்குகிறது. பீரங்கி அட்டவணைகளைக் கையால் போட்டு மாளாமல், ஈனியாக் என்ற மின்னணு இயந்திரத்தை அபர்டீன் கூடத்தின் செலவில் பிலடெல்பியாவில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை. 1944 கோடையில் அபர்டீன் ரயிலடியில் வண்டிக்குக் காத்திருந்த கோல்ட்ஸ்டைன் என்ற இளம் ராணுவ அதிகாரி, எதிரே வான் நியூமன் நிற்பதைப் பார்த்து வலியப் போய்ப் பேச்சுக் கொடுத்தார். முதலில் சாதாரண விசாரிப்புதான். நாங்கள் செய்யும் இயந்திரம் நொடிக்கு 333 பெருக்கல் போடும் என்றதும் அரட்டை, ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு மாதிரி ஆகிவிட்டது என்று கோல்ட்ஸ்டைன் பின்னாளில் எழுதினார். நம் விழுப்புரம் ஜங்ஷனில்கூட இப்படி எத்தனையோ பேர் வண்டிக்குக் காத்திருந்திருப்பார்கள். பேச்சு அரசியலைத் தாண்டினால்தானே!

ஈனியாக்கில் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் கம்பிகளைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருக வேண்டும். நாள் கணக்கில் ஆகும். காஞ்சிபுரத்துத் தறியில் பார்த்திருப்பீர்கள், புடவையின் கரை எப்படி வர வேண்டும் என்பது ஓட்டை போட்ட அட்டையில் இருக்கும், நூல் தனியாக ஓடும். 1945 ஜூனில் வான் நியூமன் பெயரில் வந்த அறிக்கை சொன்னது: அட்டையையும் நூலையும் பிரிக்காதே, கட்டளையும் எண்தான், கணக்கும் எண்தான், இரண்டையும் ஒரே நினைவகத்தில் போடு. அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பிறகு கம்பி பிடுங்க வேண்டியதில்லை. கட்டளையை மாற்றினால் அதே இயந்திரம் சம்பளப் பட்டியலும் போடும், புயல் வழியும் சொல்லும். இன்று உங்கள் கைபேசி ஒரு நிமிஷம் பாட்டுப் பெட்டியாகவும் மறு நிமிஷம் வங்கியாகவும் இருப்பது இதனால்தான்.

இந்த இடத்தில் என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. அறிக்கையில் அவர் பெயர் மட்டும் இருந்தது நியாயம் இல்லை. ஈனியாக்கைக் கட்டிய எக்கர்ட், மாக்லி இருவரும் அந்த யோசனையில் பங்காளிகள். அவர்கள் கடைசி வரை மனம் ஆறவில்லை. 1936-லேயே இங்கிலாந்தின் டூரிங் காகிதத்தில் இதற்கு அடிப்படை போட்டிருந்தார். ஆனால் உலகம் 'வான் நியூமன் அமைப்பு' என்றே பெயர் வைத்துவிட்டது.

ஈனியாக் போட்ட முதல் பெரிய கணக்கு பீரங்கிக்கு அல்ல. 1945 கடைசியில், போர் முடிந்த பிறகு, லாஸ் அலமாஸிலிருந்து வந்த ஹைட்ரஜன் குண்டுக் கணக்கு அது. அடுத்து, தற்செயலைக் கணக்கிடும் வித்தை. சீட்டு ஆடிக்கொண்டிருந்த உலாம் என்ற கணித அறிஞருக்கு ஒரு யோசனை வந்தது. இந்த ஆட்டம் வெல்லுமா என்று மூளையைக் கசக்குவதை விட, நூறு தடவை ஆடிப் பார்த்து எண்ணிவிடலாமே! வான் நியூமன் அதைப் பிடித்துக்கொண்டு நியூட்ரான்களுக்குப் பொருத்தினார். ஒவ்வொரு நியூட்ரானுக்கும் சீட்டுக் குலுக்கிப் போடு. எவ்வளவு தூரம் போகும், எதில் மோதும், பிளக்குமா, தப்பி ஓடுமா? ஆயிரக்கணக்கில் குலுக்கினால் குண்டு வெடிக்குமா என்பது தெரிந்துவிடும். சூதாட்ட ஊரின் பெயரால் இதை 'மாண்டி கார்லோ முறை' என்பார்கள். 1948-இல் ஈனியாக்கில் இதை ஓட்டியபோது கட்டளைகளை எழுதியவர்களில் முக்கியமானவர் அவர் மனைவி கிளாரா. பெரும்பாலான புத்தகங்களில் அந்த அம்மாள் அடிக்குறிப்பில்தான் இருக்கிறார்.

பிரின்ஸ்டனில் அவர் கட்டிய இயந்திரம் 1952-இல் ஓடத் தொடங்கியது. அதன் வரைபடங்களை மூடி வைக்காமல் எல்லோருக்கும் கொடுத்தார், அதற்காக அவரை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். கல்கத்தா புள்ளியியல் கழகத்தின் சமரேந்திர குமார் மித்ரா 1949-50-இல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பம்பாயில் பாபாவின் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் சென்னைக்காரர் ஆர்.நரசிம்மன் தலைமையில் இளைஞர்கள் சிலர், 40 இலக்கச் சொல் நீளத்தில், பிரின்ஸ்டன் இயந்திரத்தின் வம்சத்தில் ஒன்றைத் தாங்களே கட்டினார்கள். 1960-இல் முழுமையாக ஓடியது. 1962-இல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் வைத்தார். நம் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அதே வருஷம். கணினி என்றால் 1990-களில் பெங்களூரில் பிறந்தது என்று நினைக்கும் என் பேரனுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான்.

வான் நியூமன் அதைப் பார்க்க இல்லை. 1955-இல் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தில் உறுப்பினர் ஆனார், அதே வருஷம் புற்றுநோய் தெரிந்தது. ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்தபோது, வலியின் மயக்கத்தில் ரகசியத்தை உளறிவிடுவாரோ என்று பக்கத்தில் காவல் போட்டிருந்தார்கள். கடைசி நாட்களில் ஏழும் நாலும் எத்தனை என்பது போன்ற கணக்கைக் கேட்கச் சொல்லி மகளை வற்புறுத்துவாராம். பதில் வராது. 1957 பிப்ரவரி 8 அன்று, 53 வயதில் முடிந்தது. ரஷ்யாவின் மேல் முந்திக்கொண்டு குண்டு போட்டுவிட வேண்டும் என்று பேசியவர் அவர். ஆட்டக் கோட்பாட்டை அந்த எல்லை வரை கொண்டு போனதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. கேக் வெட்டும் உதாரணத்தில் அண்ணனைக் கொன்றுவிட்டால் முழுக் கேக்கும் தம்பிக்கு என்ற கட்டம் கிடையாது.

நம் கதை அங்கே முடியவில்லை. 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்ததும் உள்நோக்கி நசுக்கும் ரகம்தான். அந்த அழுத்தத்தில் புளுட்டோனியம் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கை யாரும் நமக்குச் சொல்லித்தரமாட்டார்கள். அதைப் போட்டவர் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த ஆர்.சிதம்பரம். சந்திரசேகர் படித்த அதே கல்லூரி. 1998-இல் அணுசக்தி ஆணையத் தலைவராக இரண்டாவது பொக்ரானையும் நடத்தினார். அன்று மாலை கடற்கரைச் சாலையில் நடந்தபோது தெரிந்தவர் ஒருவர் லட்டு கொடுத்தார், சாப்பிட்டேன். அதற்குப் பிறகு சோதனை இல்லை, கணினிக் கணக்கே போதும் என்று அரசு சொன்னது. 2009-இல் அதே சோதனையில் பங்கெடுத்த கே.சந்தானம், ஹைட்ரஜன் குண்டு சரியாக வெடிக்கவில்லை, கணக்கு மட்டும் போதாது என்றார். சிதம்பரம் மறுத்தார். வெடித்துப் பார்க்காமல் கணக்கில் பார்த்துவிடலாமா? வான் நியூமன் தொடங்கி வைத்த கேள்வியை இரண்டு தமிழர்கள் செய்தித்தாளில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாணவன் ஒருவன் தீபாவளிக்குத் தவறாமல் வருவான். வேக ஈனுலை 1985-இல் தொடங்கியபோது அங்கே இருந்தவன். அது பிரான்சின் ரப்சோதி உலையைப் பார்த்துச் செய்தது என்பதில், பாண்டிக்காரன் என்ற முறையில் அவனுக்கு ஒரு தனிப் பெருமை. அவனிடம் இந்தக் கட்டுரைக்காக மாண்டி கார்லோ பற்றிக் கேட்டேன். தினமும் அதைத்தான் ஓட்டினோம் என்றான். நியூட்ரான் எங்கே போகும், சுவர் எவ்வளவு தடிமன் இருந்தால் ஆளுக்கு ஆபத்து இல்லை, எல்லாம் அந்தச் சீட்டுக் குலுக்கல்தான்.

பேச்சு சந்திரசேகருக்குத் திரும்பியது. கோப்பு நகராத கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"சார், அந்த அனுமதி சீக்கிரம் வந்து அவர் போயிருந்தா, வகுப்புல அவரைப் பத்தி எங்களுக்குச் சொல்லியிருப்பீங்களா?"

"சிதம்பரத்தைப் பத்திச் சொன்னேனேப்பா."

"சொன்னீங்க சார். பொக்ரானைப் பத்திச் சொன்னீங்க. புளுட்டோனியம் எதுக்குன்னு சொல்லல."

அதற்குள் என் மனைவி அதிரசத் தட்டோடு வந்துவிட்டாள். அவன் மூன்று எடுத்துக்கொண்டான்.